நாற்பத்தேழாவது வீட்டுத் தண்ணீர்

"போன வருஷம் சித்திரை வைகாசியில இந்த வீட்டுல யாராச்சும் வேலைக்குப் போக முடியாம படுத்திருந்தீங்களா? எத்தனை நாள்?"

அருணகிரி பென்சிலை நோட்டின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தான். கல்லுமேட்டுப்பட்டியில் நாற்பத்தாறு வீடுகளில் இதே கேள்வியைக் கேட்டாகிவிட்டது. நாற்பத்தாறிலும் பதில் ஒன்றுதான், நாட்கள்தான் வேறு. இருபது நாள். நாற்பது நாள். ஒரு வீட்டில் அப்பன், ஆத்தாள், இரண்டு மகன்கள் எல்லோருமாகச் சேர்ந்து நூற்றுப்பத்து நாள்.

"ஒரு நாக்கூட இல்லீங்க" என்றாள் அத்தாயி.

பென்சில் நகரவில்லை.

"ஒரு நாள்கூடவா?"

"முந்தின வருசமும் இல்லீங்க. நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்து ஒம்போது வருசமாச்சு. எனக்கும் வந்ததில்ல, என்ற ஊட்டுக்காரருக்கும் வந்ததில்ல." சட்டென்று அவள் குரல் இறங்கிவிட்டது. "சாமி, அத மட்டும் எழுதிப்போடாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அருணகிரி நிமிர்ந்து பார்த்தான். முப்பது வயதுக்காரி, திடமான உடம்பு. அவன் போன வீடுகளிலெல்லாம் நோயைச் சொல்லத்தான் பெண்கள் வெட்கப்பட்டார்கள். இவளோ நோய் இல்லை என்று சொல்லப் பயப்படுகிறாள்!

அருணகிரிக்கு ஊர் ஆத்தூர்ப் பக்கம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதார ஆராய்ச்சி மாணவன். ஒரு வருஷத்தில் ஒரு கிராமம் எத்தனை நாள் உழைக்கிறது, எத்தனை நாள் முடங்குகிறது, ஏன் முடங்குகிறது என்பதுதான் அவனுடைய ஆராய்ச்சி. மழையில்லாததால் முடங்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் நாமக்கல்லில் பஸ்ஸை விட்டு இறங்கினான். அது 1936-ஆம் வருஷம், சித்திரை மாதம். ஊர்க்கவுண்டர் வெள்ளியங்கிரியின் தோட்டத்துச் சாளையில் கட்டில் போட்டுப் படுத்த மூன்றாம் நாளே விஷயம் தெரிந்துபோயிற்று. ஊரை முடக்கியது வறட்சியல்ல, நரம்புச் சிலந்தி.

முதலில் காலில் ஒரு கொப்புளம். நெருப்பை வைத்து அழுத்தியது போல எரியும். கொப்புளம் உடைந்தால் உள்ளேயிருந்து வெள்ளை நூல் ஒன்று எட்டிப் பார்க்கும். நூலல்ல, புழு. இரண்டு முழ நீளம். அதன் தலையை ஒரு குச்சியில் சுற்றி, தினம் இரண்டு விரற்கடை இழுத்துச் சுற்ற வேண்டும். அவசரப்பட்டால் அறுந்துபோகும். அறுந்தால் கால் வீங்கிச் சீழ் பிடித்து, ஆளை மூன்று மாதம் எழுந்திருக்க விடாது. வருஷா வருஷம் மாரியம்மன் திருவிழாவை ஒட்டித்தான் இது வரும். ஆகவே ஆத்தாளின் கோபம் என்று ஊர் முடிவு கட்டியிருந்தது.

ஆத்தாளுக்கு நாற்பத்தாறு வீட்டின் மேல் கோபம். நாற்பத்தேழாவது வீட்டின் மேல் மட்டும் இல்லை. எப்படி?

"நான் கட்டி வெச்சிருக்கறனாமா" என்றாள் அத்தாயி. "எங்கூட்டுக்கு வர வேண்டியத மந்திரம் போட்டு ஊருக்குத் திருப்பி உட்டுட்டனாமா. அதா பாருங்க, அந்தத் துணிதேன் சாட்சி."

வேலிப் படலில் ஒரு வெள்ளைத் துணி காய்ந்துகொண்டிருந்தது. பழைய வேட்டியில் கிழித்து, இரண்டாக மடித்துத் தைத்தது.

அத்தாயி பிறந்தது பரமத்தி வேலூரில், காவிரிக் கரையோரம். ஆடியில் புதுத்தண்ணீர் செக்கச் செவேலென்று வரும். குடத்து வாயில் துணியைக் கட்டி வடித்துத்தான் குடிப்பார்கள். வடிக்காத தண்ணீர் அவளுக்குத் தொண்டையில் இறங்காது. கல்லுமேட்டுப்பட்டிக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. இங்கேயோ ஊருக்கெல்லாம் ஒரே படிக்கிணறு, தண்ணீர் கண்ணாடி மாதிரி. கண்ணாடித் தண்ணீரை எவளாவது வடிப்பாளா? முதலில் ஊர் சிரித்தது. பிறகு முணுமுணுத்தது. போன வாரம் கூட்டம் கூடிவிட்டது.

"நோம்பியன்னிக்குக் கெணத்துத் தீர்த்தத்த, துணி கட்டாம, எல்லார் முன்னாலயும் நான் குடிக்கோணுமாமா. இல்லாட்டி எங்கள ஊரு விலக்கு. தண்ணி கெடையாது, நெருப்பு கெடையாது. ஆரும் பேச மாட்டாங்க."

"திருவிழா எப்போ?"

"இன்னிக்கு நாலாம் நாளுங்க."

"குடிச்சிட்டாத்தான் என்ன?"

அத்தாயி அவனை ஒரு முறை முறைத்தாள். "குடிச்சா, இத்தன நாளும் கட்டி வெச்சிருந்தேன்னு நானே ஒத்துக்கிட்டாப்புல ஆயிருமல்லங்க? கொளந்தைக்காரி வேற ஆகப் போறேன். நாளைக்கு என்ற புள்ளையச் சூனியக்காரி மகன்னு கூப்பிடுவாங்கொ."

அருணகிரி யோசித்தான். பிறகு ஒரு காரியம் செய்யச் சொன்னான். குடத்துத் தண்ணீரை அந்தத் துணியில் வடித்து, துணியைத் திருப்பி, ஒரு வெண்கலக் கிண்ணத்தில் அலசச் சொன்னான். கிண்ணத்தைத் தூக்கி வெயிலில் பிடித்தான்.

தண்ணீருக்குள் வெள்ளைப் புள்ளிகள். உப்புப் பொடி மாதிரி. ஆனால் உப்புப் பொடி குதிக்குமா? இவை குதித்தன!

அரை மணி நேரத்தில் அருணகிரி ஓர் இரவல் சைக்கிளில் நாமக்கல் தபாலாபீசை நோக்கிப் பறந்துகொண்டிருந்தான்.

*

தந்தி கிடைத்த சின்னராஜ் மறுநாள் மாலையே வந்து இறங்கினான். சேலம் கல்லூரியில் விலங்கியல் உபாத்தியாயர், அருணகிரியோடு சென்னையில் ஒரே அறையில் இருந்தவன். குட்டை குளங்களின் நுண்ணிய உயிர்களைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தான். தோளில் ஒரு தேக்குமரப் பெட்டி. கிராமத்து வண்டிப்பாதையில் அதைச் சுமந்துகொண்டு அவன் வந்ததைப் பார்த்துப் பாதி ஊர் கூடிவிட்டது.

"ஆர்மோனியப் பொட்டிங்களா? நோம்பிக்கு நாடகம் இருக்குதுங்களா?"

"ராஜபார்ட்டு நானேதான்" என்றான் சின்னராஜ், வேர்வையைத் துடைத்துக்கொண்டே.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஊர்க்கவுண்டர் வெள்ளியங்கிரி வந்தார். அறுபதை நெருங்கிய வயது, வெள்ளை மீசை, கையில் தடி. வலது கணுக்காலில் துணிக் கட்டு. கட்டுக்கு வெளியே ஒரு சிறு குச்சி நீட்டிக்கொண்டிருந்தது.

"ஆத்தூர்த் தம்பி, நீங்க கணக்கெடுக்க வந்தீங்க, செரி. இவரு என்னத்துக்கு?"

"தண்ணியப் பார்க்கறதுக்குங்க."

"தண்ணில பாக்கறதுக்கு என்ன இருக்குது? நோம்பி முடியற வரைக்கும் வெளியூராளு கெணத்துப் படிய மிதிக்கப்படாது. சொல்லிப்போட்டேன்."

சொல்லிவிட்டு, தடியை ஊன்றிப் போய்விட்டார். ஆனால் அத்தாயி வீட்டுக் குடத்தை யாரும் தடுக்கவில்லையே!

மறுநாள் காலை அத்தாயியும் அவள் புருஷன் கருப்பண்ணனும் கடலைக் காட்டுக்குப் போன பிறகு, அவர்கள் வாசலில் சின்னராஜ் பெட்டியைத் திறந்தான். பித்தளை நுண்ணோக்கி பளபளத்தது. அடியிலிருந்த கண்ணாடியைத் திருப்பி வெயிலைப் பிடித்தான். துணி அலசிய தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடிச் சில்லில் விட்டான்.

"வா, பார்."

அருணகிரி குனிந்தான்.

வெளிச்ச வட்டத்துக்குள் ஒரு பிராணி நீந்தியது. பளிங்கில் செய்தது மாதிரி உடம்பு. உள்ளே குடல் துடிப்பது தெரிந்தது. இரண்டு நீண்ட மீசைகள். நெற்றியின் நடுவில் ஒரே ஒரு கண், குன்றிமணிச் சிவப்பில்! ஒரு சொட்டுத் தண்ணீருக்குள் இப்படி ஒரு தேசமா? இதையா ஊரே தினம் குடம் குடமாகக் குடித்துக்கொண்டிருக்கிறது?

"இதுவா புழு?"

"இது புழு இல்லை, புழுவுக்கு வாகனம். புத்தகத்திலே படிச்சிருக்கேன், கண்ணால பார்த்ததில்லை. கொஞ்சம் பொறு."

சின்னராஜ் ஒவ்வொரு பிராணியாகப் பார்க்கத் தொடங்கினான். பத்து, இருபது, முப்பது. கழுத்து வலித்தது. முப்பத்தோராவதில் அவன் கை அப்படியே நின்றது. அருணகிரியின் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

பளிங்கு உடம்புக்குள் மயிரிழை மாதிரி ஒன்று சுருண்டு கிடந்தது. பார்க்கப் பார்க்க மெல்ல அவிழ்ந்தது. மறுபடி சுருண்டது.

"சிலந்திக் குஞ்சு" என்றான் சின்னராஜ். கோயிலுக்குள் பேசுவது போல இருந்தது அவன் குரல். "தண்ணியிலே நீந்தற குஞ்சை இந்தப் பூச்சி முழுங்குது. பூச்சியை மனுஷன் முழுங்கறான். பூச்சி வயித்துலேயே செத்துப்போகும், குஞ்சு சாகாது. உடம்புக்குள்ள பயணம் போகும். ஒரு மாசமில்லை, ரெண்டு மாசமில்லை, சரியா ஒரு வருஷம். அப்புறம் காலைத் துளைச்சுக்கிட்டு வெளியே வரும்."

"ஏன் கால்?"

"தண்ணியிலே வைக்கிற உறுப்பு அதுதானே? தண்ணி பட்டவுடனே ஆயிரக்கணக்கிலே குஞ்சு போடும். எரியற காலை எவன்தான் தண்ணியிலே வைக்காம இருப்பான்? எரிச்சலை உண்டாக்கறதும் அதுதான், தண்ணிக்குக் கூட்டிக்கிட்டுப் போறதும் அதுதான்."

அருணகிரியின் கண் முன்னால் ஒரு காட்சி மின்னலாக வந்து நின்றது. படிக்கிணறு. கல்லுமேட்டுப்பட்டியில் யாரும் காலைக் கழுவாமல் கிணற்றின் கடைசிப் படியில் நின்று குடம் முக்க மாட்டார்கள். முழங்கால் அளவு இறங்கி, அந்தத் தண்ணீரிலேயே காலைத் தேய்த்துக் கழுவிவிட்டு, பிறகுதான் குடம். அது கிணற்றுக்குச் செய்யும் மரியாதை. திருவிழாவன்று இன்னும் விசேஷம். சிலந்தி வந்தவர்களெல்லாம் வேண்டுதலாக முதலில் இறங்குவார்கள். அவர்களுக்கும் முன்னால் ஊர்க்கவுண்டர்.

"சின்னராஜ், விளக்கு வச்சுத் தேட வேண்டியதில்லைடா. நாளைக்குக் காலையிலே மேளதாளத்தோட குற்றவாளி கிணத்துக்குள்ள இறங்கப் போறார்!"

*

மறுநாள் பொழுது விடியும்போதே மேளச் சத்தம் கேட்டது. தீர்த்தம் எடுக்க ஒரு நாழிகைதான் பாக்கி. வெள்ளியங்கிரி கவுண்டர் வாசலில் கட்டில் மேல் உட்கார்ந்திருந்தார். கீழே மாரக்காள் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அன்றைய சுற்றைச் சுற்றிக்கொண்டிருந்தாள். முப்பது வருஷமாக ஊரில் எல்லோருக்கும் சிலந்தி எடுப்பவள் அவள்தான். கை பூ மாதிரி. வாய் அரிவாள் மாதிரி.

"வந்துட்டாங்க ஆர்மோனியக்காரங்க. ஏனுங்க, பாட்டு எப்பொ?"

"கவுண்டரே, ஒரே ஒரு உதவி" என்றான் அருணகிரி. "அந்தக் காலை இந்தப் பாத்திரத் தண்ணியில ஒரு நிமிஷம் வைக்கணும். காய்ச்சி ஆறவச்ச தண்ணி. நாங்களே கொண்டாந்தது."

"என்னத்துக்கு?"

"ஊரைக் கெடுக்கறது யாருன்னு காட்டறோம். இது பொய்யா இருந்தா, அத்தாயியோட சேர்த்து எங்களையும் விலக்கிடுங்க."

கவுண்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, காலைத் தூக்கிப் பாத்திரத்தில் வைத்தார்.

குளிர்ச்சி பட்டதும் அவர் முகத்தில் ஒரு சுகம் படர்ந்தது. அதே நொடி, புண்ணின் வாயிலிருந்து வெள்ளையாக ஏதோ கசிந்தது. பால் துளி விழுந்தாற்போலத் தண்ணீரில் புகையாக விரிந்தது.

"அது சீழுங்க" என்றாள் மாரக்காள்.

சின்னராஜ் அந்தப் புகையில் ஒரு சொட்டை எடுத்துச் சில்லில் விட்டான். கண்ணாடியைச் சூரியனுக்குத் திருப்பினான்.

சூரியன் இல்லை!

கோடை மேகம் ஒன்று கிழக்கே எழுந்து வானத்தை மூடியிருந்தது. கவுண்டர் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குழாய்க்குள் பார்த்தார்.

"ஒரே இருட்டா இருக்குது."

"கொஞ்சம் பொறுங்க."

"மேளம் கெளம்பிருச்சு, தம்பி."

மேளம் தெருமுனைக்கு வந்துவிட்டது. கவுண்டர் தடியை எடுத்தார். எழுந்தும் விட்டார். சின்னராஜின் நெற்றியிலிருந்து வேர்வை பித்தளையின் மேல் சொட்டியது. அருணகிரி வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மேகத்தின் ஓரம் வெள்ளியாயிற்று. பிறகு பொன்னாயிற்று. வெயில் வாசலில் சாய்ந்து விழுந்தது.

"இப்பப் பாருங்க! இப்பவே பாருங்க!"

கவுண்டர் அலுப்போடு குனிந்தார்.

குனிந்தவர் நிமிரவில்லை.

மேளம் வாசலுக்கே வந்து நின்றது. யாரோ "கவுண்டரே, நேரமாச்சுங்க" என்றார்கள். அவர் காதில் விழவில்லை. அந்த வெளிச்ச வட்டத்துக்குள் நூற்றுக்கணக்கான மயிரிழைகள் சுருண்டும் அவிழ்ந்தும் துள்ளிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஊசிபோல ஒரு வால். ஒவ்வொன்றும் தனித்தனி உயிர்.

"இது... என்ற காலுக்குள்ள இருந்தா வந்துச்சு?"

"ஆமாங்க. ஒரு சொட்டுல இவ்வளவு."

சின்னராஜ் சில்லை மாற்றினான். நேற்றுப் பத்திரப்படுத்திய ஒற்றைக்கண் பிராணி. "இது உங்க கிணத்துத் தண்ணி. அது வயித்துக்குள்ளே பாருங்க."

கவுண்டர் மறுபடி குனிந்தார்.

"அதே புழு" என்றார் கவுண்டர்.

"அதேதாங்க. இதைக் குடிச்சா வெளிய வர ஒரு வருஷம் ஆகும். இப்போ உங்க காலில வர்றது போன திருவிழாவுக்கு நீங்க குடிச்ச தீர்த்தம்."

கவுண்டர் மெல்லக் கட்டிலில் உட்கார்ந்தார். தம் காலையே பார்த்தார். ஒரு வருஷம்! உழுதபோதும், சந்தைக்குப் போனபோதும், மகளுக்குக் கல்யாணம் செய்தபோதும், தூங்கும்போதும், இது உள்ளே வளர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. ஒரு சத்தமில்லை, ஒரு வலியில்லை. போன சித்திரையில் குடித்த ஒரு மடக்கு இந்தச் சித்திரையில் கணுக்காலில் வாசல் திறந்துகொண்டு வந்து நிற்கிறது. நாள் தவறாமல் வந்திருக்கிறதே!

பிறகு இன்னொரு எண்ணம் வந்தது. அது வந்தபோது அவர் முகம் சாம்பல் பூத்துவிட்டது.

"பதினெட்டு வருசமா மொதப் படி நாந்தேன் எறங்குறேன்."

மாரக்காள் குச்சியை விட்டுவிட்டு எழுந்து, தானும் குழாய்க்குள் கண்ணை வைத்தாள்.

*

கிணற்று மேட்டில் ஊரே நின்றது. நடுவில் அத்தாயி, பக்கத்தில் கருப்பண்ணன். அவன் அன்று விடியலிலேயே வண்டியில் சட்டி பானைகளை ஏற்றிவிட்டான், அவள் ஒவ்வொன்றாக இறக்கிவைத்துவிட்டாள்.

"என்ன முடிவு பண்ணியிருக்கே, அம்மணி?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான். "குடிக்கறயா, போறயா?"

"குடிக்கவும் மாட்டேன், போகவும் மாட்டேன்" என்றாள் அத்தாயி. குரல் நடுங்கியது. கால் நடுங்கவில்லை.

கூச்சல் எழுந்தது. அதைக் கிழித்துக்கொண்டு மேளம் வந்தது. மேளத்துக்குப் பின்னால் தடியை ஊன்றியபடி கவுண்டர். பூசாரி தீர்த்தக்குடத்தை நீட்டினார். கவுண்டர் முதல் படியருகே போனார். கீழே தண்ணீர் பச்சைக் கண்ணாடியாகக் கிடந்தது. வழக்கமாக இந்த இடத்தில் ஒரு கும்பிடு, பிறகு வலது கால்.

கும்பிட்டார். கால் நகரவில்லை.

"இந்த வருசம் படியில ஆரும் எறங்கப்படாது."

மேளம் ஓய்ந்தது.

"ஊரைக் கெடுத்தவ அத்தாயி இல்ல. நாந்தேன். என்ற புண்ணுக் கால இந்தத் தண்ணில கழுவித்தேன் உங்களுக்கெல்லாம் குடுத்திருக்கறேன். பதினெட்டு வருசம். நீங்களும் ஒருத்தருக்கொருத்தர் குடுத்திருக்கறீங்க. கண்ணால பாத்துப்போட்டு வாரேன். அவ துணி கட்டி வடிச்சா, பூச்சி துணியோட நின்னுபோச்சு. மந்திரமுமில்ல, மாயமுமில்ல. ஆரையாச்சும் விலக்கியே ஆகோணும்னா என்னைய விலக்குங்க."

"ஆர்மோனியக்காரன் கவுண்டருக்கு மருந்து வெச்சுட்டான்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"வந்து பாருடா. உனக்கும் ரெண்டு கண்ணு இருக்குதல்லோ? ஒண்ணு போதும்."

"அப்பக் கால் கழுவாமத் தீர்த்தமா?" பூசாரி பதறினார். "ஆத்தா பொறுப்பாளா?"

"கழுவோணும். ஆரு வேண்டாம்னா? கவுறு போட்டு எறைச்சு, மேட்டுக்கு அந்தப் பக்கம் போய்க் கழுவுங்க. கெணத்துக்குள்ளயே கழுவோணும்னு ஆத்தா வந்து சொன்னாளா?"

பூசாரி கிணற்றைப் பார்த்தார், கோயிலைப் பார்த்தார். இரண்டு பக்கமும் போகலாம் என்று அந்த நிமிஷம் தொங்கியது. அருணகிரி அத்தாயியைப் பார்த்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

அப்போது மாரக்காள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தாள்.

"நானும் பாத்தேன்" என்றாள். "முப்பது வருசமா இந்தக் கையால இழுத்திருக்கறேன். எத்தன நூறோ. அது உசுரு சுமந்துக்கிட்டு வருதுன்னு இன்னிக்குத்தேன் தெரியுது." அவள் கருப்பண்ணன் பக்கம் திரும்பினாள். "டேய், மாட்ட அவுத்து உடு. ஆரும் எங்கயும் போகல. அப்புடியே உங்கூட்டுக் கவுத்தையும், வடிக்கறதுக்கு அந்தத் துணியையும் கொண்டா."

கயிறும் துணியும் வந்தன. குடம் கிணற்றின் மேலிருந்து இறங்கியது. பூசாரி முதலில் தயங்கி, பிறகு தானே கயிற்றைப் பிடித்தார். மேளம் திரும்பவும் முழங்கியது.

திருவிழா ஒரு பக்கம் நடந்தது. இன்னொரு பக்கம் கவுண்டர் வாசலில் ஊர் வரிசையில் நின்றது. "தள்ளுங்கொ", "ஐயோ, குதிக்குது", "மீசையப் பாரு, நம்ம கணக்குப்பிள்ளை மீசை" என்று ஒரே அமளி. சின்னராஜ் வெயிலைத் துரத்திக் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிக் களைத்துப்போனான்.

எல்லோரும் பார்த்து முடித்த பிறகு அத்தாயி வந்தாள். பொழுது சாயத் தொடங்கியிருந்தது. சில்லில் சின்னராஜ் ஒரு புதுப் பிராணியை வைத்தான். புழு இல்லாத, நல்ல பிராணி.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தாள். ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு நிமிஷம் ஆயிற்று.

"ஏனுங்க" என்றாள், கண்ணை எடுக்காமலே. "ரெண்டு பக்கமும் ஒவ்வொரு மூட்டை கட்டிக்கிட்டுப் போகுதே, அது என்னுங்க?"

"முட்டைப் பை. அது பொட்டை. குஞ்சு பொரிக்கிற வரைக்கும் அந்த ரெண்டு பையையும் சுமந்துக்கிட்டேதான் நீந்தும்."

அத்தாயியின் ஒரு கை தானாக வயிற்றின் மேல் போயிற்று.

"இத்தனூண்டு உடம்புல இத்தன பாரமா!" என்றாள். "எங்க, அந்தக் கண்ணாடிய இன்னொருக்காத் திருப்புங்க சாமி. வெயிலு போறதுக்குள்ள நல்லாப் பாத்துக்கறேன்."